கோடு தாண்டிய பந்து

போன வாரம் கீழ்க்கட்டளையில், நம் குடியிருப்புப் பூங்காவில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு கால்பந்துக்குப் போனது. டிவியில் பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கிற சமயம். நம்மில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றும் தெரியாது. ஆனாலும் விடாமல் பார்க்கிறோம். இடைவேளையில் திட்டத்தை மாற்றி, நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவனை வெளியே உட்கார வைத்த பயிற்சியாளரைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தீர்கள். "புத்திசாலின்னா முதல்லயே யோசிச்சிருக்கணும். நடுவுல மனசு மாத்துறவன் என்ன புத்திசாலி?" என்று நம் கூட்டத்தில் மூத்தவர், வங்கியில் மேலாளராக இருந்தவர், சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் பேசவில்லை. பேசினால் ஒரு மழைக்காலத்தையே சொல்ல வேண்டியிருக்கும், அதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், யாருக்கும் அவசரமில்லை.

நான் மாடம்பாக்கத்துப் பெண். அப்போது அங்கே ஏரியும் எங்கள் நெல்வயலும் இருந்தன. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பாவின் மகள் என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள், ஆனால் அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இருவரும் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பள்ளியின் பின்பக்கம் தண்டவாளம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் டீச்சர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ரயில் போனதும் மீதியைச் சொல்வார்கள்.

அந்த வருடம் எங்கள் கணக்கு டீச்சர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு புத்திக்கூர்மைத் தேர்வைக் கொண்டு வந்தார். பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் கிடையாது. வட்டம், சதுரம், அடுத்து வருவது எது, கூட்டத்தில் சேராதது எது என்று ஸ்டென்சிலில் எடுத்த ஊதா எழுத்துத் தாள். மை வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. அந்தத் தேர்வை வைத்து எங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். அக்கா ஏ செக்ஷன். நான் டி. தாளின் பின்பக்கத்திலும் கேள்விகள் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. முன்பக்கத்தை முடித்துவிட்டு, ஜன்னல் வழியே கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பெரியப்பா அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஒருத்தி படிப்புக்கு, ஒருத்தி மாட்டுக்கு." அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அக்கா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டி செக்ஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மீன்காரம்மாவின் மகள். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து அம்மாவும் மகளுமாக வந்து, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். நீளமான கைகள், எப்போதும் ஈரமாகத் தோன்றும் சுருட்டை முடி. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். கேள்வியை உள்ளே எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள். அதற்குள் டீச்சர் அடுத்த பெண்ணிடம் போயிருப்பார். காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டபோது, கணக்கு டீச்சர் அவள் அம்மாவிடம் நேராகவே சொன்னார்: "இவளுக்குப் படிப்பு வராதும்மா. ஏதாவது கைத்தொழில் கத்துக்கட்டும்." அந்த அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டு, "அப்ப பொங்கலுக்கு அப்பால நிறுத்திடறேன் டீச்சர். எனக்கும் கடையில ஆள் இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் வராந்தாவில் நின்று கேட்டோம். அவளும்தான்.

கணக்கு டீச்சர் கெட்டவர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளுத்த பருத்திப் புடவை, நெற்றியில் சின்னக் குங்குமம், சாக்பீஸ் ஒட்டிய விரல்கள். யாரையும் அடித்ததில்லை. அந்தத் தாளை அவர் உண்மையாகவே நம்பினார். டி செக்ஷனுக்கு விளையாட்டு பீரியடை எடுத்துவிட்டு அந்த நேரத்திலும் கணக்கு நடத்தினார். அது எங்கள் நன்மைக்குத்தான் என்று நினைத்தார்.

ஐப்பசி மழையில் த்ரோபால் வலை கிழிந்து போனது. பி.டி. டீச்சர் வேலைக்குப் புதிது, நிறைய அண்ணன் தம்பிகளோடு பிறந்தவர். அவர்களில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய கால்பந்தைக் கொண்டு வந்துவிட்டார். தோல் பந்து. வாயில் நாடா போட்டுக் கட்டியிருக்கும், உள்ளே ப்ளாடர். மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். நாடா இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் அன்று முழுக்க அதன் அச்சு போகாது. அப்படி ஒரு பந்தை இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. பெண்கள் கால்பந்து ஆடுவதா என்று ஆசிரியர் அறையில் இரண்டு நாள் பேச்சு. மதில் உயரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். மதிலைவிட மேடான தண்டவாளத்தில் ரயில் போவதை மறந்துவிட்டார்கள்.

செக்ஷனுக்கு ஒரு அணி. அதிலும் டி கிடையாது. ஏ, பி, சி மூன்று மட்டும். நாங்கள் கணக்கு போட்டபடி வெளியே கேட்கும் விசிலைக் கேட்டுக்கொண்டிருப்போம். மதிய இடைவேளையில் மட்டும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால், துணியைச் சுருட்டிக் கயிறு கட்டி ஒரு பந்து செய்து உதைத்தோம். மீன்காரம்மா மகள் சுவரோரம் நின்று பிடிப்பாள். கையில் விழுந்தது வெளியே போகாது. அன்றிலிருந்து எங்களுக்கு அவள் கீப்பர். அந்தப் பெயரே இங்கும் இருக்கட்டும்.

பிறகு சி செக்ஷனில் மெட்ராஸ் ஐ வந்தது. ஒருத்திக்கு வந்து, அந்த வாரக் கடைசிக்குள் வகுப்பே காலி. ஆட்டங்கள் பாதியில் நின்றன. பி.டி. டீச்சர் எங்கள் கணக்கு பீரியடின் வாசலில் வந்து நின்றார். "ஒரு டீம் குறையுது. இவங்கள அனுப்புங்களேன்" என்றார்.

"இவங்களுக்குப் பெருக்கலே இன்னும் வரல" என்றார் கணக்கு டீச்சர்.

"பந்துக்குப் பெருக்கல் வேணாம் டீச்சர்."

கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு ஆட்டம்" என்றார்.

நாங்கள் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடினோம்.

பாவாடைக்குள், மதிய ஆட்டத்துக்காகத் தினமும் போட்டு வந்த அண்ணன் தம்பிகளின் காக்கி அரை டிராயர், இடுப்பில் சணல் கயிறு. காலில் ஒன்றும் கிடையாது. பி செக்ஷனோடு ஆட்டம். யாருக்கும் விதி தெரியாது. பந்து எங்கேயோ, பத்துப் பேரும் அங்கே. முதல் பாதி முழுக்க நாங்களும் அப்படித்தான் ஓடினோம். இடைவேளையில் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றபோது கீப்பர் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் இன்னாத்துக்கு பந்து கிட்டயே ஓடறீங்க? எனக்கு அங்கேர்ந்து பாத்தா கூட்டந்தான் தெரியுது. ரெண்டு பேரு காலியா கீற இடத்துல நில்லுங்கடி. பந்து எப்டியும் அங்க வந்துதானே ஆவணும்."

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பந்து இல்லாத இடத்தில் போய் எதற்கு நிற்பது? ஆனாலும் போய் நின்றேன். பந்து வந்தது. என் முன்னால் யாருமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். திறந்தபோது எங்கள் வகுப்பே கத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். இறுதி ஆட்டம் எங்களுக்கும் ஏ செக்ஷனுக்கும்.

மறுநாள் கணக்கு பீரியடில் டீச்சர் பாடத்தைத் தொடங்கவில்லை. மேஜை மேல் சாய்ந்துகொண்டு கீப்பரை எழுப்பினார். ஆட்டத்தை வராந்தாவிலிருந்து அவர் பார்த்திருக்கிறார்.

"காலியா இருக்கிற இடத்துல நிக்கச் சொன்னியாமே. யார் சொல்லிக் கொடுத்தா?"

கீப்பர் வழக்கம்போல யோசித்தாள். டீச்சர் இந்த முறை காத்திருந்தார். ஒரு ரயில் வந்து போகும்வரை காத்திருந்தார்.

"யாரும் சொல்லல டீச்சர். பின்னால நின்னா தெரியுது."

டீச்சர் தலையசைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, "அந்தத் தேர்வுல ஒரு கேள்வி வந்தது, ஞாபகம் இருக்கா? படகு, வண்டி, பஸ், மீன். இதுல சேராதது எது? நீ பஸ்ஸுன்னு போட்டிருந்த. வகுப்புல நீ ஒருத்திதான் அப்படிப் போட்டிருந்த. ஏன்?" என்று கேட்டார்.

"மீனு படகுல வரும் டீச்சர். கரையில எறங்கி வண்டில ஏறும். பஸ்ஸுல மட்டும் ஏத்த மாட்டாங்க. கூடயப் பாத்தாலே கண்டக்டர் வெரட்டிடுவாரு. அம்மா நடந்துதான் வரும்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கீப்பரை உட்காரச் சொல்லிவிட்டுப் பெருக்கல் நடத்தினார். அன்று யாரிடம் கேள்வி கேட்டாலும் பதிலுக்குக் காத்திருந்தார். எங்களுக்கு அது சங்கடமாகக்கூட இருந்தது. மணி அடித்ததும், இறுதி ஆட்டத்துக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதி ஆட்டத்தன்று காலையிலிருந்தே தூறல். ஏ செக்ஷனுக்கு அக்காதான் கேப்டன். முந்தைய நாள் வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரே பாயில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தோம். பெரியப்பா மட்டும், "ஏ எங்க, டி எங்க, இதுக்கு ஒரு மேட்சு வேற" என்றார்.

மைதானம் சிவப்புச் சேறு. கோல் என்றால் இரண்டு மூங்கில், மேலே குறுக்காக ஒரு கயிறு, பின்னால் வலை கிடையாது. கோடு சுண்ணாம்பில். பி.டி. டீச்சர் நடுவர். கோல் கோட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கணக்கு டீச்சரை நிற்க வைத்தார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் கைக்குட்டை. கோல் என்றால் கைக்குட்டையைத் தூக்க வேண்டும். பள்ளியே மதிலோரம் நின்றது. மெட்ராஸ் ஐ தேறி வந்த சி செக்ஷன்காரிகள் சிவந்த கண்களோடு எங்கள் பக்கம் கத்தினார்கள்.

முதலில் அக்காதான் கோல் போட்டாள். அழகான கோல், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கீப்பர் பாய்ந்தும் விரல் நுனியில்தான் பட்டது. அதன்பிறகு நாங்கள் முட்டி மோதிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஏ செக்ஷனும் இதற்குள் காலி இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது.

முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது எங்கள் கேப்டன், சேலையூரிலிருந்து வருகிற குள்ளமான பெண், சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டே பந்தை உதைத்தாள். அது மெதுவாக உருண்டு போய் மூங்கிலில் பட்டு, உள்ளே திரும்பி, சேற்றில் அப்படியே நின்றது. ஏ செக்ஷன் கீப்பர் குழம்பிப்போய் அதை வெளியே இழுத்தாள். நாங்கள் கோல் என்று கத்தினோம். கணக்கு டீச்சரின் கைக்குட்டை உயரவில்லை. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பி.டி. டீச்சர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

எங்கள் கேப்டன் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த நிமிடம் வீட்டுத் தட்டும் பெரியப்பாவின் குரலும்தான் நினைவு. ஒன்றுமே மாறப் போவதில்லை என்று தோன்றியது.

அப்போது கணக்கு டீச்சர் குடையை மடக்கினார். மழையிலேயே கோலை நோக்கி நடந்து வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூங்கில் அருகே குனிந்து பார்த்தார். பந்து நின்ற இடம் சேற்றில் கிண்ணம் போலப் பதிந்திருந்தது. சுண்ணாம்புக் கோடு அதற்கு மைதானத்துப் பக்கம் இருந்தது. பி.டி. டீச்சர் விசிலடித்து ஓடி வந்தார்.

"நான் தப்பா சொல்லிட்டேன். இது கோல்" என்றார் கணக்கு டீச்சர்.

ஏ செக்ஷன் ஒரே கூச்சல். "டீச்சர், ஒரு தடவை இல்லைன்னு சொன்னா இல்லதான். நீங்களே இப்ப மாத்தலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சொன்னது தப்புன்னு தெரிஞ்ச அப்புறமும் அதையே சொல்லிட்டு நிக்கச் சொல்றியா?" என்றார் டீச்சர். கோபமாக இல்லை, பாடம் சொல்வது போலவும் இல்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீ பக்கத்துலதானே நின்ன. உனக்கு என்ன தெரிஞ்சுது?"

அக்கா தன் அணியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கோடு தாண்டிடுச்சு டீச்சர்" என்றாள்.

கைக்குட்டை உயர்ந்தது. அந்த நேரம் போய்க்கொண்டிருந்த ரயிலிலிருந்து யாரோ கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஆட்டம் சமன். ஆளுக்கொரு உதை என்று பி.டி. டீச்சர் முடிவு செய்தார். நடந்ததையெல்லாம் சொல்லவில்லை. நான் அடித்தது உள்ளே போனது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கடைசியில் ஏ செக்ஷனுக்கு ஒரே ஒரு உதை மிச்சம். அதைத் தடுத்தால் நாங்கள் ஜெயிப்போம். உதைக்க வந்தவள் அக்கா.

நான் கீப்பரிடம் ஓடினேன். "அக்கா எப்பவும் கீப்பருக்கு வலப் பக்கம்தான் அடிப்பா. வீட்டுக் களத்துல பாத்திருக்கேன். வலப் பக்கம் பாய்" என்றேன்.

கீப்பர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நீ என்கிட்ட சொல்லுவன்னு அவளுக்குத் தெரியாதா? ஒரே வூட்ல தானே கீறீங்க."

"தெரியும்" என்றேன். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை.

"அப்ப மாத்தி அடிப்பா."

"நீ இப்படி நினைப்பன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"நான் டி செக்ஷன்டீ" என்றாள் கீப்பர். "அவ்ளோ தூரம் நான் யோசிப்பேன்னு யாரு நெனைக்கப் போறா?"

அக்கா ஓடி வந்தாள். கீப்பர் முதலில் வலப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள், எல்லோரும் பார்க்கும்படி. அக்காவின் கால் பந்தில் படுகிற நேரத்தில் உடம்பைத் திருப்பி இடப் பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து விழுந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் புரண்டாள். அவள் எழுவதற்குள் டி செக்ஷன் முழுவதும் அவள் மேல் விழுந்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது, வாயில் மண், யாருடைய முழங்கையோ என் காதில். என் வாழ்க்கையில் அதைவிடச் சுகமாக நான் எங்கும் படுத்ததில்லை.

கூட்டம் கலைந்தபோது அக்கா என் முன்னால் நின்றாள். "நான் அவளுக்கு வலப் பக்கம்தான் அடிப்பேன்னு சொல்லிட்டேல்ல?"

"சொன்னேன்."

"தெரியும். அதான் மாத்தினேன்" என்றாள். பிறகு, "அவ பெரிய ஆளுடீ" என்றாள். அன்று சாயங்காலம் பெரியப்பா, "என்ன, ஏ தானே ஜெயிச்சுது?" என்று கேட்டதற்கு, "டி தான்பா. நல்லா ஆடி ஜெயிச்சாங்க. இனிமே அவளை மாட்டுக்குன்னு சொல்லாதீங்க" என்று பதில் சொன்னவளும் அவள்தான். அந்த வார்த்தையை நான் பிறகு அந்த வீட்டில் கேட்கவில்லை. அடுத்த வருடம் பள்ளியில் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் செக்ஷன் பிரித்தார்கள். அந்த ஊதாத் தாளைத் திரும்ப யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அன்று ஆட்டம் முடிந்த கையோடு இன்னொன்று நடந்தது. கணக்கு டீச்சர் நனைந்த புடவையோடு எங்களிடம் வந்து, கீப்பரின் அம்மா எங்கே கடை போடுகிறார் என்று கேட்டார். அவருக்கு மார்க்கெட்டின் அந்தப் பக்கம் வழி தெரியாது. மீன் சாப்பிடாத குடும்பம். நாங்கள் கூட்டமாக அவரை அழைத்துக்கொண்டு போனோம். தூறலில் தார்ப்பாய்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. செதிலும் ஐஸும் கலந்த ஈரத்தில் டீச்சர் செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார்.

அந்த அம்மா பலகை மேல் குந்தி, அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா டீச்சர், எதாவது பண்ணிட்டாளா?"

"இல்லம்மா. அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"கீது டீச்சர். படிப்பு வராதுன்னீங்க."

"அது தப்பு."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டேன். நான் கேட்ட கேள்விதான் சரியில்ல, இவ பதில் சரியாத்தான் இருந்தது. இவளுக்குப் படிப்பு வரும். கொஞ்சம் நேரம் கொடுத்தா நல்லாவே வரும். பொங்கலோட நிறுத்திடாதீங்க."

"இம்மாம் படிச்சவங்க, நீங்களே மாத்திப் பேசறீங்களே டீச்சர்."

"மாத்தித்தான் பேசறேன்மா."

அந்த அம்மா மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கன்னம், முடி, பாவாடை எல்லாம் செஞ்சேறு. "இவ இன்னா, உழுதுகினு வந்தாளா?" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னோம். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசிப் பந்தைப் பிடித்ததை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னோம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் திரும்பி, அந்த வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"பொங்கலுக்கு அப்பால எம்பொண்ணு கடையில குந்துவான்னு சொன்னேன்ல, அது இல்லியாம். அவ இஸ்கூலுக்குத்தான் போறா. டீச்சரே வந்து சொல்லிட்டாங்க."